மரப் பட்டறைக்கு ஏசி: விலை குறைந்ததா, உயர்ந்ததா?

கேள்வி: ஐயா, மரச்சாமான்கள் செய்யும் சிறிய பட்டறை ஒன்றை நடத்துகிறேன். 20 அடிக்கு 20 அடி இடம். செங்கல் சுவர், மேலே தகரக் கூரை. நானும் ஓர் உதவியாளரும் வாரத்தில் ஆறு நாள் வேலை செய்கிறோம். 3 குதிரைத்திறன் வட்ட ரம்பம், இழைப்பு இயந்திரம், உப்புத்தாள் இயந்திரம், தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் டஸ்ட் கலெக்டர் ஆகியவை இருக்கின்றன. கோடையில் மதியத்துக்கு மேல் உள்ளே நிற்க முடிவதில்லை. மழைக்காலத்தில் மரம் ஊதி, பொருத்திய இணைப்புகள் பிசகுகின்றன. 2 டன் ஸ்பிளிட் ஏசி வாங்கலாம் என்று இரண்டு இடங்களில் விலை கேட்டேன். ஒன்று அதிகம் கேள்விப்படாத பெயர். மற்றொன்று புகழ்பெற்ற ஜப்பானிய நிறுவனம். விலை இரண்டு மடங்குக்கும் மேல். மலிவானது மூன்று வருடம்கூடத் தாங்காது என்கிறார் என் மைத்துனர். உள்ளே இருக்கும் சரக்கு இரண்டிலும் ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே உங்கள் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை. எந்த நிறுவனம் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் சொன்ன நிலையில் அந்த இரண்டு ஏசிகளில் எதை வாங்கி மாட்டினாலும் பட்டறை குளிராது. அதை முதலில் கணக்குப் போட்டுக் காட்டிவிடுகிறேன்.

உங்கள் கூரையின் பரப்பு ஏறத்தாழ 37 சதுர மீட்டர். உச்சி வெயிலில் தகரம் 60 டிகிரி சூடாவது சாதாரணம். அழுக்கேறிக் கறுத்த தகரம் என்றால் அதற்கும் மேலே போகும். உள்ளே 27 டிகிரி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தகரத்தின் அடிப்பக்கம் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் சுமார் 200 வாட் வெப்பத்தைக் கீழே இறக்கிக்கொண்டிருக்கும். மொத்தமாகப் பார்த்தால் 7 கிலோவாட்டுக்கு மேல். 1 டன் ஏசி வெளியேற்றக்கூடிய வெப்பம் 3.5 கிலோவாட். ஆக, நீங்கள் வாங்க நினைக்கும் 2 டன் முழுவதையும் கூரை ஒன்றே விழுங்கிவிடும். சுவர், இயந்திரங்கள், ஆட்கள், கதவிடுக்கு வழியாக வரும் காற்று இவற்றுக்கெல்லாம் மிச்சம் எதுவும் இருக்காது. ஏசி காலையிலிருந்து மாலை வரை முழு வேகத்தில் ஓடும். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே 33 டிகிரி காட்டும். நீங்கள் கடைக்காரரைத் திட்டுவீர்கள்.

அதே கூரைக்கு அடியில் 50 மில்லிமீட்டர் கனத்தில் வெப்பத்தடுப்புப் பலகை கொடுத்தால், உள்ளே இறங்கும் வெப்பம் 1 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். எழுத்துப் பிழை ஏதும் இல்லை: ஏழிலிருந்து ஒன்றுக்குள். எந்த உயர்ந்த விலை ஏசியாலும் வாங்கித்தர முடியாத லாபம் இது. பட்டறை என்பதால் ஒரு எச்சரிக்கை. தெர்மோகோலை அப்படியே திறந்த வாக்கில் ஒட்டிவிடாதீர்கள். மரத்தூளும் தீப்பொறியும் புழங்கும் இடத்தில் அது பற்றிக்கொண்டால் உருகி நெருப்பாகச் சொட்டும். பாறைப் பஞ்சால் ஆன ராக்வூல் பலகை போட்டு, கீழே ஜிப்சம் அல்லது சிமென்ட் பலகையால் மூடுவது நல்லது. தகரத்தின் மேல்பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் இன்னும் கொஞ்சம் ஆதாயம்.

அடுத்தது டஸ்ட் கலெக்டர். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் 'வெளியே தள்ளும்' என்ற சொற்கள்தான். இந்த அளவுப் பட்டறைகளில் பயன்படும் கலெக்டர்கள் நிமிடத்துக்குச் சுமார் 800 கன அடி காற்றை இழுக்கும். அதை வெளியே தள்ளினால், அதே அளவு வெளிக்காற்று கதவிடுக்கு, ஜன்னல், கூரை இடைவெளி வழியாக உள்ளே வந்தே தீரும். வெளியே உள்ளதைவிட உள்ளே 10 டிகிரி குறைவாக இருந்தால், அந்தக் காற்றைக் குளிர வைக்க மட்டும் 4.5 கிலோவாட் தேவை. அதில் உள்ள ஈரத்தை எடுக்க ஆகும் சுமை தனி. 1 டன் ஏசி ஒன்றை வாங்கி, அதன் குளிர் முழுவதையும் குழாய் வழியாகத் தெருவுக்கு அனுப்புகிறீர்கள் என்று அர்த்தம். 20 அடிக்கு 20 அடி அறையில் 10 அடி உயரம் வைத்தால் மொத்தக் காற்றே 4,000 கன அடிதான். ஐந்தே நிமிடத்தில் முழு அறையின் காற்றும் மாறிவிடுகிறது.

இதற்கு வழி, காற்றை நுண்வடிகட்டியில் சலித்து மறுபடி உள்ளேயே விடுவது. துணிப்பை வடிகட்டி போதாது. பெரிய துகள் பையில் தங்கும். நுரையீரலுக்குள் போகிற மெல்லிய தூள் பையின் நெசவு வழியாக அறைக்குத் திரும்பிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இதுவரை ஜன்னலைத் திறந்து வேலை செய்தீர்கள். இனி மூடி வைத்துச் செய்யப்போகிறீர்கள். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றி விடுகிறது. ஏசி போட்டால் காற்று சுத்தமாகும் என்று நம்புகிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். பட்டறையைப் பொறுத்தவரை நேர்மாறாகத்தான் நடக்கும். எனவே கலெக்டருக்கு மடிப்பு வடிகட்டி பொருத்துவது, கூரையிலிருந்து தொங்கும் காற்று வடிகட்டி ஒன்று வைப்பது, முகக்கவசம் அணிவது ஆகியவற்றை ஏசிச் செலவின் ஒரு பகுதியாகவே எழுதிக்கொள்ளுங்கள். வடிகட்டிக்குப் பணம் ஒதுக்க முடியவில்லை என்றால் கலெக்டர் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கட்டும். ரம்பம் ஓடும் நேரத்தில் ஏசியை நிறுத்திவிட்டு, பொருத்தும் வேலைக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

கூரையையும் கலெக்டரையும் சரிசெய்துவிட்டால் கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். கூரைக்கு 0.8 கிலோவாட். சுவர்களுக்கு ஏறத்தாழ 1.5. உழைக்கும் இரண்டு பேருக்குச் சேர்த்து 0.6. விளக்குகளுக்கு 0.2. இயந்திரங்களைப் பார்த்துப் பலர் பயப்படுவார்கள். உங்கள் ரம்பம் முழுச் சுமையில் 2.8 கிலோவாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும், அத்தனையும் கடைசியில் அறைக்குள் வெப்பமாகத்தான் முடியும். ஆனால் மரப்பட்டறையில் ரம்பம் ஓடும் நேரத்தைவிட அளந்து, குறித்து, பிடித்து நிற்கும் நேரமே அதிகம். சராசரியாக 1 கிலோவாட் போட்டால் போதும். இடுக்குக் காற்றுக்கு இன்னொரு 1. கூட்டினால் 5 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். அதாவது 1.5 டன். நீங்கள் கேட்ட 2 டன்கூடத் தேவையில்லை.

இனி நிறுவனப் பேச்சுக்கு வருவோம். கடைக்காரர் சொன்னதில் உண்மை இருக்கிறது. உலகில் விற்கும் ஏசிகளில் பெரும்பங்கு சில பெரிய தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. மைடியா, கிரீ போன்ற சீன நிறுவனங்கள் தங்கள் பெயரில் மட்டுமல்லாமல், பிறர் பெயர் ஒட்டியும் செய்து தருகின்றன. கம்ப்ரசர் என்று பார்த்தால், மைடியா குழுமத்தின் ஜிஎம்சிசி, ஷாங்காயின் ஹைலி ஆகிய பெயர்களை விதவிதமான ஏசிகளுக்குள் காணலாம். ஆகையால் கேள்விப்படாத பெயர் என்பதற்காகவே ஒரு ஏசியைத் தள்ளிவிட வேண்டாம். அதே சமயம் 'எல்லாம் ஒன்றுதான்' என்பதும் பொய். டைகின் போன்ற நிறுவனம் தன் கம்ப்ரசரைத் தானே வடிவமைத்துச் செய்கிறது. கம்ப்ரசர் ஒன்றாகவே இருந்தாலும், காயில் எனப்படும் குழாயும் தகடும் சேர்ந்த அடுக்கின் அளவு, கேஸ் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு, எலக்ட்ரானிக் போர்டுக்குப் பூசும் பாதுகாப்புப் பூச்சு, வெளித் தகட்டின் கனம் என்று பணம் மிச்சம் பிடிக்க எத்தனையோ இடங்கள் இருக்கின்றன.

உயர்ந்த விலைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது? முதலாவது அமைதி. நல்ல ஏசியின் உள்யூனிட் மெல்லிய வேகத்தில் 20 டெசிபெல் அளவே ஒலிக்கும். உங்கள் இழைப்பு இயந்திரம் 95 டெசிபெல்லுக்கு மேல் அலறும். இந்த அமைதிக்கு நீங்கள் காசு கொடுக்க வேண்டுமா? கைபேசியில் இயக்குவது, அயனிக் காற்று, ஆள் இருக்கும் திசையைத் தேடிக் காற்று வீசும் கண் ஆகியவற்றையும் படுக்கையறைக்கு விட்டுவிடுங்கள்.

இரண்டாவது மின்சாரச் சிக்கனம். இது மெய்யான லாபம், உங்களைப் போல தினமும் ஓட்டுகிறவர்களுக்குக் கணிசமானதும்கூட. சராசரியாக 4 கிலோவாட் வெப்பத்தை ஆண்டுக்கு 2,000 மணி நேரம் எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். இன்வெர்ட்டர் ஏசி என்பது தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ஏசி. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 3.5 யூனிட் வெப்பத்தை எடுக்கும் மலிவு இன்வெர்ட்டர் ஏசிக்கு ஏறத்தாழ 2,290 யூனிட் ஆகும். 4.5 யூனிட் எடுக்கும் உயர்ந்த ஏசிக்கு 1,780. வித்தியாசம் ஆண்டுக்குச் சுமார் 500 யூனிட். இதை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கி, ஐந்து ஆண்டுக்குக் கணக்கிட்டு, இரண்டு ஏசிகளின் விலை வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வணிகக் கட்டணம் அதிகமுள்ள இடங்களில் இது சமன்படலாம். வார இறுதியில் மட்டும் வேலை செய்கிறவருக்கு நிச்சயம் சமன்படாது. இன்வெர்ட்டர் இல்லாத ஏசி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த 4.5 என்ற எண் சுத்தமான காயிலுக்கு உரியது. மரப்பட்டறையில் காயில் எத்தனை நாள் சுத்தமாக இருக்கும்? உள்யூனிட்டின் அலுமினியத் தகடுகளுக்கு இடையே இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர் அளவு இடைவெளி. ஏசி ஓடும்போது காயில் எப்போதும் ஈரமாக இருக்கும். முன்னால் இருக்கும் வலை, வீட்டுப் பஞ்சையும் முடியையும் தடுக்கத்தான் லாயக்கு. உப்புத்தாள் இயந்திரம் கிளப்பும் மாவு போன்ற தூள் அதைத் தாண்டிப் போய் ஈரத் தகட்டில் அப்பிக்கொள்ளும். மர நாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையின் தூளில் பிசினும் கலந்திருப்பதால் காய்ந்தபின் கெட்டியாகிவிடும். அதற்குப் பின்னால் நீள உருளையாகச் சுழலும் விசிறி இருக்கிறது. அதன் ஒவ்வோர் இதழும் குழிந்த வடிவம். அந்தக் குழிவில் தூள் நிரம்பினால் விசிறி அதே வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் பாதிதான் வரும். காற்று குறைந்தால் காயில் பனிக்கட்டி பிடிக்கும். உருகிய நீர் தூளோடு சேர்ந்து வடிகால் குழாயை அடைக்கும். ஒருநாள் நீங்கள் பாலிஷ் போட்டு வைத்த மேசை மேல் பழுப்புத் தண்ணீர் சொட்டும். இதெல்லாம் நிறுவனத்தின் பெயர் பார்த்து நடப்பதில்லை. மைத்துனர் சொன்ன மூன்று வருடமும் பெரும்பாலும் இப்படிச் செத்த ஏசிகளின் வயதாகத்தான் இருக்கும். விலை உயர்ந்த ஏசி அதே தூசியில் அதே போலத்தான் மூச்சுத் திணறும்.

அதனால் ஏசி தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, உள்யூனிட்டைக் கழற்றிக் கழுவ எவ்வளவு எளிது என்பதை. கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் ஏசியின் முன்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வடிநீர்த் தட்டைத் தனியாக எடுக்க முடிகிறதா, விசிறி உருளையை வெளியே எடுக்கக் காயிலையும் சேர்த்துக் கழற்ற வேண்டுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். நாலைந்து திருகில் வேலை முடிகிற ஏசியை நீங்களே கழுவுவீர்கள். முழு யூனிட்டையும் சுவரிலிருந்து இறக்க வேண்டிய ஏசியை யாரும் கழுவ மாட்டார்கள்.

விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஏசியின் திறன் எண்கள் வழக்கமாக வெளியே 35 டிகிரி இருக்கும்போது சோதித்தவை. வெளியில் 45 டிகிரி அடிக்கும்போது அதே ஏசி அதைவிடக் குறைவாகத்தான் குளிர்விக்கும். வெப்பம் மிகுந்த நாடுகளுக்கென 46 டிகிரியில் சோதிக்கும் முறையும் இருக்கிறது. அந்த எண்ணையும் வெளியிடும் நிறுவனத்துக்கு என் ஓட்டு கூடுதல். எத்தனை டிகிரி வரை ஓடும் என்று சில ஏசிகளில் 46 போட்டிருப்பார்கள், சிலவற்றில் 50க்கும் மேல். உங்கள் அவுட்டோர் யூனிட் தகரக் கூரை ஓரமாக வெயில் படும் சுவரில்தான் தொங்கப்போகிறது என்றால், இந்த ஓர் இடத்தில் கொஞ்சம் அதிகப் பணம் கொடுப்பது தகும்.

காப்பர் காயிலா, அலுமினியமா என்று கேட்பீர்கள். பொதுவாகக் காப்பர்தான், ஓட்டை விழுந்தால் ஊரில் உள்ள எந்த மெக்கானிக்கும் பற்றவைத்துத் தருவார். மரப்பட்டறைக்கு மட்டும் ஒரு துணைக்குறிப்பு. ப்ளைவுட், எம்டிஎஃப் ஆகியவற்றின் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு, காற்றில் ஃபார்மிக் அமிலமாக மாறக்கூடியது. சில மரங்களிலிருந்தே அசிட்டிக் அமில ஆவி வரும். ஈரமான செப்புக் குழாயில் இந்த அமிலங்கள் பட்டால், கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எறும்புப் புற்றின் கிளைகளாக உலோகத்துக்குள் ஓடி, கடைசியில் கேஸ் கசியும். எறும்புப் புற்று அரிப்பு என்றே இதற்குப் பெயர். பலகைகளை அடுக்கி வைக்கும் இடத்துக்கு நேர் மேலே உள்யூனிட்டை மாட்டாதீர்கள். காயிலுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்த மாடல் கிடைத்தால் நல்லது.

கேஸைப் பொறுத்தவரை இன்று வரும் பெரும்பாலான சிறு ஏசிகளில் ஆர்-32தான் இருக்கிறது. லேசாக எரியக்கூடியது, ஆனால் எளிதில் பற்றாது. புரொப்பேன் நிரப்பிய ஏசிகள் சுற்றுச்சூழலுக்கு நல்லவை. ஆயினும் உளி தீட்டும் சாணைக்கல்லிலிருந்து பொறி பறக்கும் அறைக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உத்தரவாதத்தைப் படியுங்கள். கம்ப்ரசருக்குப் பத்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். பட்டறையில் முதலில் போவது கம்ப்ரசர் அல்ல, எலக்ட்ரானிக் போர்டும் விசிறி மோட்டாரும். அவற்றுக்கு எத்தனை ஆண்டு? பல நிறுவனங்களின் நிபந்தனைகளில் வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற வரி சிறிய எழுத்தில் இருக்கும்; பட்டறையில் மாட்டினால் உத்தரவாதம் செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். அதைவிட முக்கியம் உதிரிபாகம். கேள்விப்படாத நிறுவனத்தின் போர்டு நான்கு ஆண்டு கழித்துக் கிடைக்குமா? இந்தக் கேள்விக்கு உங்கள் பகுதியில் பழுது பார்க்கிற மெக்கானிக்கிடம்தான் சரியான பதில் இருக்கும், விற்கிறவரிடம் அல்ல. அவர் 'அந்த போர்டா, வரவே வராது' என்றால் அந்த மலிவு மலிவே அல்ல.

பொருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலிவு ஏசிக்கும் உயர்ந்த ஏசிக்கும் உள்ள வித்தியாசத்தைவிட, நன்றாகப் பொருத்தியதற்கும் மோசமாகப் பொருத்தியதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. செப்புக் குழாயின் முனையை விரித்து நட் போட்டு இறுக்கும் இடத்தில்தான் பெரும்பாலான கசிவுகள் பிறக்கின்றன. விரித்த முனை பிசிறின்றிப் பளபளவென்று இருக்க வேண்டும். நட்டை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டு குறித்த அளவுக்கு இறுக்க வேண்டும், கைபலத்தைக் காட்டக் கூடாது. பிறகு நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அதன்பின் வேக்யூம் பம்ப் போட்டு, வெற்றிடத்தை அளக்கும் மீட்டரில் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்பை நிறுத்திய பிறகும் முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் ஏசியில் உள்ள கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு, 'காற்று போய்விட்டது' என்று வேலையை முடித்துவிடுவார்கள். உள்ளே தங்கும் ஈரத்தைக் கம்ப்ரசர் எண்ணெய் உறிஞ்சிக்கொள்ளும். அது மெல்ல அமிலமாகிக் கம்ப்ரசரின் கம்பிச்சுற்றை அரிக்கும். அதன் விளைவு இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தெரியும்போது பழி நிறுவனத்தின் தலையில் விழும். பொருத்த வருகிறவரிடம் வேக்யூம் மீட்டர் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேள்வி அவருக்குப் புரியவில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அவுட்டோர் யூனிட் டஸ்ட் கலெக்டர் வாய்க்கும், கதவுக்கு வெளியே தூள் கொட்டும் இடத்துக்கும் எட்டியிருக்கட்டும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 3 குதிரைத்திறன் மோட்டார் கிளம்பும் அந்த நொடியில் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதே கம்பியில் ஏசியும் இருந்தால் ஒவ்வொரு முறையும் வோல்டேஜ் சரிந்து எழும். இன்வெர்ட்டர் போர்டுக்கு அது ஆகாது. மீட்டர் பலகையிலிருந்து ஏசிக்கு என்று தனிக் கம்பி இழுங்கள். மும்முனை இணைப்பு இருந்தால், ஒருமுனை மோட்டார்கள் தொங்காத முனையைக் கொடுங்கள். மின்னல் பாதுகாப்புக் கருவி ஒன்றும் வையுங்கள்.

மழைக்கால ஈரம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 1902இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காகத்தான் முதல் நவீன ஏசியை வடிவமைத்தார். ஆட்கள் வியர்த்தார்கள் என்பதற்காக அல்ல. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி, வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழவில்லை என்பதற்காக. உங்கள் சிக்கலும் அதுதான். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிலைத்தால் மரம் ஏறத்தாழ 16 சதவீத ஈரத்தோடு நிற்கும். 50 சதவீதத்தில் நிலைத்தால் 9 சதவீதம். 300 மில்லிமீட்டர் அகலப் பலகையில், மரத்தையும் அதை அறுத்த திசையையும் பொறுத்து, இது 2 முதல் 5 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் காட்டும்.

ஆனால் இதை ஏசி தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். மழைநாளில் வெப்பம் குறைவு, ஈரம் அதிகம். ஏசி சீக்கிரமே கேட்ட குளிரை எட்டி, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேகம் குறைந்தால் காயில் அவ்வளவு குளிராது. ஈரம் அப்படியே நிற்கும். தேவைக்கு அதிகமான டன் வாங்கினால் இந்தத் தொல்லை கூடும். குளிர்ந்த காற்றைச் சற்றே சூடாக்கி ஈரத்தை மட்டும் எடுக்கும் வசதி சில உயர்ந்த விலை மாடல்களில் உண்டு; அதற்காக மட்டும் அவ்வளவு செலவு செய்யத் தேவையில்லை. மரம் அடுக்கும் இடத்தைப் பலகையால் மறைத்து ஒரு சிறிய அறையாக்கி, அதற்குள் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் ஒன்றை இரவும் பகலும் ஓட விடுங்கள். ஏசி எட்டு மணி நேரம்தான் ஓடும், மரம் இருபத்துநாலு மணி நேரமும் காற்றோடு இருக்கிறது.

இன்னொன்று. மாலையில் ஏசியை நிறுத்தியதும் கதவைத் திறந்துபோடும் பழக்கம் வேண்டாம். நாள் முழுக்கக் குளிர்ந்திருக்கும் ரம்பத்தின் இரும்பு மேடை மேல் வெளியிலிருந்து வரும் ஈரக்காற்று பட்டதும் முத்து முத்தாக வியர்க்கும். மறுநாள் காலையில் செம்பழுப்புத் துரு. மூடியபடியே விட்டால் அறையோடு சேர்ந்து மேடையும் மெல்லச் சூடாகும். மேடைக்கு மெழுகும் பூசி வையுங்கள்.

ஆக, எனக்கு இந்தப் பட்டறை இருந்தால் நான் செய்வது இதுதான். உயர்ந்த விலை 2 டன் ஏசிக்கு ஆகும் பணத்தை எடுத்து, முதலில் கூரைக்கு வெப்பத்தடுப்பு, கலெக்டருக்கு நல்ல வடிகட்டி. பிறகு அறையை நடுவில் தடுத்து, ஒரு பக்கம் அறுப்பது, இழைப்பது, தேய்ப்பது. மறுபக்கம் பொருத்துவது, பசை போடுவது. இரண்டு பக்கத்துக்கும் தலா ஒரு 1 டன் மலிவு இன்வெர்ட்டர் ஏசி, உதிரிபாகம் கிடைக்கும் என்று மெக்கானிக் உறுதி சொல்லும் நிறுவனத்திலிருந்து. தூசிப்பக்க ஏசி சீக்கிரம் போகும். அதற்கு ஆறேழு ஆண்டு ஆயுள் என்று இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வேன். இரண்டும் சேர்ந்தால் 1.5 டன் கணக்கைவிட அதிகம்தான், ஆனால் ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்றது ஓடும், வேலை நிற்காது. சுத்தமான பக்கத்து ஏசி நீண்ட நாள் வரும். கையில் பணம் மிஞ்சி, மின்கட்டணக் கணக்கும் ஒத்துவந்தால், அந்தச் சுத்தமான பக்கத்துக்கு மட்டும் விலை உயர்ந்ததை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அது தன் விலைக்கு உழைக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான்.

வார்னிஷ், லேக்கர் தெளிப்பை இந்த இரண்டு பக்கத்திலும் வைக்காதீர்கள். கரைப்பான் ஆவி மூடிய அறையில் தேங்கினால், அது தீப்பற்ற ஏசியின் சாதாரண மின்பொறிகூடப் போதும். அதற்குத் தனி இடமும், வெளியே இழுக்கும் பாதுகாப்பான விசிறியும் வேண்டும்.

பராமரிப்பு: வாரம் ஒருமுறை வலையை எடுத்துத் தண்ணீரில் அலசிக் காயவைத்து மாட்டுங்கள். உப்புத்தாள் வேலை அதிகமான வாரத்தில் இரண்டு முறை. தூசியைத் தடுக்கிறேன் என்று காற்று இழுக்கும் வாயில் துணி கட்டிவிடாதீர்கள். காற்று குறைந்து காயில் பனி பிடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியையும் காயிலையும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். பட்டறையில் ஏர் கம்ப்ரசர் இருக்கும். அதன் துப்பாக்கியை எடுத்து ஊதிவிடலாம் என்று கை பரபரக்கும். முழு அழுத்தத்தில் ஊதினால் தகடுகள் மடங்கிப்போகும், தூள் இன்னும் ஆழத்தில் போய் அடையும். ஊதியே ஆக வேண்டும் என்றால் அழுத்தத்தை நன்றாகக் குறைத்து, எட்ட நின்று, காற்று வழக்கமாக வரும் திசைக்கு எதிராக ஊதுங்கள். அவுட்டோர் யூனிட்டுக்கும் அதே முறைதான்.

விலைப்பட்டியல் தந்த இரண்டு கடைக்கும் திரும்பப் போய், 2 டன் ஒன்றுக்குப் பதிலாக 1 டன் இரண்டுக்கு விலை கேளுங்கள். போர்டு உத்தரவாதம், பட்டறை உபயோகம், 46 டிகிரியில் திறன், குழாய் நீளம் கூடினால் கூடுதல் கேஸுக்கு யார் பொறுப்பு, இவை நான்கையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கூரை வேலை முடிகிற வரை முன்பணம் கொடுக்க வேண்டாம்.